நாலாவது ரவுண்டில் எடுத்தவர் அடிக்க மாட்டேன் என்கிறார்

கேள்வி: வணக்கம் சார். நியூ ஜெர்சியில் ஐ.டி. வேலை. ஆபீஸில் 12 பேர் சேர்ந்து யாஹூவில் ஃபேன்டஸி பேஸ்பால் லீக் (நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்கோர் அணியாக எடுத்து, அவர்களுடைய ஆட்ட எண்களை வைத்துப் போட்டி) நடத்துகிறோம். ரோட்டோ முறை, தினமும் ஆளை மாற்றிக்கொள்ளலாம். எங்களில் மூன்று பேர் தமிழர்கள். மற்ற இருவரும் உங்கள் பகுதியைப் படிப்பவர்கள், அதனால் ஆட்டக்காரர்களின் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.

சீசனுக்கு முன் முறைபோட்டு ஆட்களை எடுக்கும் டிராஃப்டில், நாலாவது ரவுண்டில் எடுத்த என் இரண்டாவது பேஸ்காரர் (அந்த பேஸ் பக்கம் ஃபீல்டிங் செய்பவர்) ஜூன் பிறந்தும் எழுந்திருக்கவில்லை. 58 ஆட்டத்தில் 218 அட்-பேட் (ஆவரேஜ் கணக்கில் சேரும் பேட்டிங் முறை), 46 ஹிட் (அடித்து பேஸை எட்டியது), இரண்டையும் வகுத்தால் ஆவரேஜ் .211. ஹோம் ரன் 5, ஸ்டீல் (அடுத்த பேஸைத் திருடி ஓடுவது) 4, ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்காமலே அவுட்) 47. வலக்கை பேட்ஸ்மேன். வரிசையில் இரண்டாவதாக ஆடியவரை ஆறாவது இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

வேய்வரில் (லீகில் யாரும் எடுக்காதவர்களின் பட்டியல், ஏலத் தொகை போட்டு எடுக்கலாம்) மூன்று பேர் கிடைக்கிறார்கள். ஒருவர் புது இளைஞர், கடந்த இரண்டு வாரத்தில் 51 அட்-பேட்டில் 19 ஹிட், அதில் நாலு ஹோம் ரன். இரண்டாமவர் நல்ல ஓட்டக்காரர், இதுவரை 14 ஸ்டீல், ஆவரேஜ் .248. இடக்கை பேட்ஸ்மேன், எதிரணியில் இடக்கை பிட்சர் (பந்து வீசுபவர்) வந்தால் உட்கார வைத்துவிடுகிறார்கள். மூன்றாமவருக்கு 33 வயது, தினமும் ஆடுகிறார், ஆவரேஜ் .262, மற்ற எதிலும் பளிச்சென்று ஒன்றுமில்லை. யாரை எடுக்க? இவரை விட்டுவிடவா? லீகில் முதலிடத்தில் இருப்பவர் ‘அவனை எனக்குத் தா, ஒரு ரிலீவர் (ஆட்டத்தின் பிற்பகுதியில் வரும் பிட்சர்) தருகிறேன்’ என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறார். நான் மொத்தத்தில் ஐந்தாம் இடம். பரிசு முதல் மூன்று பேருக்கு. லீக் அட்டவணையையும் என் ஆட்களின் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் அட்டவணை வந்தது நல்லதாயிற்று. வேய்வரில் கிடைக்கும் மூவரைப் பற்றி ஒரு பத்தி எழுதிய நீங்கள், உங்கள் அணிக்கு என்ன தேவை என்று ஒரு வரி எழுதவில்லை. எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கும். ‘இரண்டாவது பேஸுக்கு யார் நல்லவர்’ என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. உங்கள் அணிக்கு எந்தப் பிரிவில் புள்ளி மலிவாகக் கிடைக்கும் என்று கேட்டால் உண்டு.

அதற்கு முன்னால், நாலாவது ரவுண்டை மறந்துவிடுங்கள். மார்ச்சில் கொடுத்த விலை மார்ச்சோடு போயிற்று. அவர் நாலாவது ரவுண்டில் வந்தாரா, பதினாலாவது ரவுண்டில் வந்தாரா என்று ஜூனில் எந்த பிட்சரும் கேட்டுப் பந்து போடுவதில்லை. இந்த நினைப்பு இரண்டு பக்கமும் கெடுக்கும். சிலர் விலை கொடுத்தோமே என்று செப்டம்பர் வரை சுமப்பார்கள். சிலர் இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு ஏமாற்றினானே என்று கோபத்தில் தூக்கி எறிவார்கள். உங்கள் கடிதத்தின் தொனியைப் பார்த்தால் நீங்கள் இரண்டாவது கட்சி.

இனி அவருடைய கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். 218 அட்-பேட்டில் 47 ஸ்ட்ரைக்அவுட், 5 ஹோம் ரன் போனால் 166. இரண்டு சாக்ரிஃபைஸ் ஃப்ளை (கேட்ச் ஆனாலும் ரன் கொண்டுவந்த அடி, அட்-பேட்டில் சேராது) இருந்ததாகப் பட்டியல் சொல்கிறது, அதைச் சேர்த்தால் 168. இவ்வளவு முறை அவர் அடித்த பந்து மைதானத்துக்குள் விழுந்திருக்கிறது. அதில் ஹிட் ஆனது 41, அதாவது .244. பேஸ்பால்காரர்கள் பாபிப் என்று சொல்லும் எண் இதுதான். பிக் லீகில், அதாவது மேஜர் லீகில், இதன் சராசரி ஆண்டுதோறும் .290-ஐ ஒட்டித்தான் நிற்கும். சராசரியாக விழுந்திருந்தால் இவருக்கு இன்னும் எட்டு ஹிட் கூடியிருக்கும், ஆவரேஜ் .248 ஆகியிருக்கும். இரண்டு மாதத்தில் எட்டே எட்டுப் பந்து, ஷார்ட்ஸ்டாப்பின் கையுறைக்கு ஓரடி தள்ளிப் போயிருந்தால் நீங்கள் எனக்குக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள்.

ஆனால் எல்லாவற்றையும் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. மெதுவாக அடிக்கிறவனுக்கு பாபிப் தானாகவே இறங்கும். எனவே பேஸ்பால் சாவண்ட் தளத்தில் இவருடைய பக்கத்தைத் திறங்கள், காசு கிடையாது. 2015 முதல் எல்லா மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் கருவிகள் ஒவ்வொரு பந்தையும் அளக்கின்றன. மணிக்கு 95 மைலுக்கு மேல் வேகத்தில் அடித்த பந்துகளை ‘ஹார்ட் ஹிட்’ என்று கணக்கு வைக்கிறார்கள். அந்தச் சதவீதம் போன வருடத்தைப் போலவே இருந்தால் பொறுமையாக இருக்கலாம். ஏழெட்டுச் சதவீதம் இறங்கியிருந்தால் மணிக்கட்டிலோ விலாவிலோ ஏதோ இருக்கிறது, சொல்லாமல் ஆடுகிறார் என்று நான் சந்தேகப்படுவேன்.

ஸ்ட்ரைக்அவுட்டில் எனக்குப் பெரிய கவலை இல்லை. பட்டியலின்படி, வாக் (நாலு தவறான பந்துக்குச் சும்மா முதல் பேஸ்) முதலியவற்றையும் சேர்த்து 242 முறை பேட் பிடிக்க வந்ததில் 47 என்றால் 19 சதவீதம்தான். போன வருடம் 18 என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். ஸ்ட்ரைக்அவுட் விகிதம் சீக்கிரம் உண்மையைச் சொல்லிவிடும் எண். 60 முறை பேட் பிடித்தாலே ஓரளவு நம்பலாம் என்பது ஆய்வாளர் ரஸ்ஸல் கார்ல்ட்டன் போட்டுக் காட்டிய கணக்கு. வாக் எடுக்கும் விகிதத்துக்கு 120 வேண்டும். பாபிப் நிலைபெற 800-க்கு மேற்பட்ட பந்துகள் வேண்டும், முழு சீசன் ஆடினாலும் அத்தனை வராது. அதனால் ஜூன் மாதத்து ஆவரேஜை வைத்து ஒருவரைத் தீர்ப்பது வீண் வேலை. கண் பந்தைப் பார்க்கிறதா என்பதை ஸ்ட்ரைக்அவுட் சொல்கிறது, இவருக்குக் கண் சரியாகத்தான் இருக்கிறது.

என்னை உறுத்துவது அந்த 4 ஸ்டீல். போன வருடம் 22 எடுத்தவர் இந்த வருடம் முயன்றதே ஐந்து முறை. பேஸுக்கு வந்து சேர்வதே குறைந்தது என்பது பாதிக் காரணம். மீதிக்குக் காலைப் பார்க்க வேண்டும். அதே தளத்தில் ‘ஸ்பிரின்ட் ஸ்பீட்’ என்று ஒரு எண் உண்டு. பிக் லீக் சராசரி வினாடிக்கு 27 அடி, 30-ஐத் தொட்டால் மின்னல். போன வருடத்தைவிட இவர் அரை அடிக்கு மேல் குறைந்திருந்தால், அடி திரும்பினாலும் ஓட்டம் திரும்பாது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். நீங்கள் இவரை எடுத்ததில் பாதி அந்த ஓட்டத்துக்காகத்தானே?

வரிசையில் ஆறாம் இடத்துக்கு இறங்கியதையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு இடம் இறங்கும்போதும் ஒரு முழு சீசனில் 15 முதல் 20 பேட்டிங் வாய்ப்பு போகும். நாலு இடம் என்றால் மிச்சமுள்ள நூறு ஆட்டத்தில் நாற்பதுக்கு மேல் போய்விடும். அத்தனையும் பத்து நாள் ஆடாமல் இருப்பதற்குச் சமம், ரன் பிரிவில் அதன் அடி தெரியும்.

மீண்டவர்களின் கதை நிறைய உண்டு. உங்கள் ஆளைப் போலவே இரண்டாவது பேஸில் ஆடும் மார்கஸ் செமியன், 17.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு வந்த 2022-ல் தன் முதல் ஹோம் ரன்னை அடித்தது மே 28-ஆம் தேதி. சீசன் முடிவில் 26 ஹோம் ரன், 25 ஸ்டீல். 2024-ல் மெட்ஸின் ஃபிரான்சிஸ்கோ லிண்டோர் மே நடுவிலும் .200-ஐத் தொடவில்லை. அந்த வருடம் .273, 33 ஹோம் ரன், 29 ஸ்டீல் என்று முடித்து, நேஷனல் லீக் எம்.வி.பி. (சிறந்த ஆட்டக்காரர்) வாக்கெடுப்பில் ஒடானிக்கு அடுத்து வந்தார். இந்த இருவரையும் மே மாதத்தில் வேய்வரில் விட்டவர்கள் உண்டு, அவர்களிடம் இன்றும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

ஆனால் நாம் கதையாகச் சொல்வது மீண்டவர்களைப் பற்றித்தான், மீளாதவர்களை யாரும் நினைவில் வைப்பதில்லை. பால்டிமோரின் கிறிஸ் டேவிஸ் 2018-ல் முழு சீசன் ஆடி .168 அடித்தார். அந்த செப்டம்பரிலிருந்து அடுத்த ஏப்ரல் வரை 54 அட்-பேட்டுக்கு ஒரு ஹிட் இல்லை. அவரும் ஒரு காலத்தில் 53 ஹோம் ரன் அடித்தவர்தான். வித்தியாசம் ஸ்ட்ரைக்அவுட்டில் இருந்தது. டேவிஸுக்கு அது மலைபோல் ஏறிக்கொண்டே போனது, உங்கள் ஆளுக்கு ஏறவில்லை. ஆகவே இனிமேல் அவர் .245, .250 அடிப்பார் என்றும், ஓட்டம் மட்டும் பாதிதான் வரும் என்றும் நான் கணிக்கிறேன்.

இப்போது உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ரோட்டோ முறையில் ஒவ்வொரு பிரிவிலும் 12 அணிகளை வரிசைப்படுத்தி, முதல் அணிக்கு 12 புள்ளி, கடைசிக்கு 1 புள்ளி கொடுப்பார்கள். பேட்டிங்கில் ரன், ஹோம் ரன், ஆர்.பி.ஐ. (தன் அடியால் வரவைத்த ரன்), ஸ்டீல், ஆவரேஜ் என்று ஐந்து, பிட்சிங்கில் ஐந்து. 1980-ல் பத்திரிகையாளர் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் லா ரோட்டிசரி ஃபிரான்சேஸ் என்ற ஓட்டலில் கூடிச் சாப்பிட்டபடி தொடங்கிய ஆட்டம், அதனால்தான் அந்தப் பெயர். அவர்கள் செய்த வேலையால் நிஜ பேஸ்பாலில் ஓர் ஓரத்தில் கிடக்கும் ஸ்டீலுக்கு இங்கே ஹோம் ரன்னுக்குச் சமமான நாற்காலி. எந்த நிஜ மேனேஜரும் உங்கள் பட்டியலில் உள்ள ஓட்டக்காரரை அந்த இளைஞருக்கு மேலே வைக்க மாட்டார். நாம் வைக்கலாம், நமக்கு ஆட்டம் வேறு.

ஹோம் ரன்னில் நீங்கள் 98, இரண்டாம் இடம். முதலிடம் 117, மூன்றாம் இடம் 84. இதை நன்றாகப் பாருங்கள். மேலே 19 தூரம், கீழே 14 தூரம். இரண்டாவது பேஸில் பெரிய அடிக்காரரைக் கொண்டுவந்து இன்னும் ஆறேழு ஹோம் ரன் சேர்த்தாலும் உங்களுக்கு ஒரு புள்ளி ஏறாது. ஆறேழு குறைந்தாலும் ஒரு புள்ளி இறங்காது. இந்தப் பிரிவு உங்களைப் பொறுத்தவரை இப்போதைக்கு மூடிய கடை.

ஸ்டீலில் நீங்கள் 41, பத்தாம் இடம். உங்களுக்கு மேலே 43, 44, 49, 50, அப்புறம் 57. ஒன்பது ஸ்டீல் இடைவெளியில் நாலு அணிகள் நெரிந்துகொண்டு நிற்கின்றன. அவர்களும் ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் அவர்களைவிட ஒரு டஜன் ஸ்டீல் கூடுதலாக எடுத்தால் நாலு புள்ளி. மொத்தத்தில் ஐந்தாம் இடத்தில் இருக்கும் உங்களுக்கும் பரிசு வாங்கும் மூன்றாமவருக்கும் இடையே இன்றைக்கு வித்தியாசமே ஐந்து புள்ளிதான்.

ஆவரேஜில்தான் பலரும் ஏமாறுவார்கள். நீங்கள் .249, எட்டாம் இடம். அடுத்த நாலு இடமும் .254-க்குள் அடக்கம். பார்த்தால் ஸ்டீலைப் போலவே நெரிசலாகத் தெரிகிறது. .211 அடிப்பவரை எடுத்துவிட்டு .262 அடிப்பவரைப் போட்டால் என்ன ஆகும்? மிச்ச சீசனில் அந்த இடத்துக்கு 380 அட்-பேட் வரும் என்று வையுங்கள். 19 ஹிட் கூடும். உங்கள் பத்து பேட்ஸ்மேன்களும் சேர்ந்து சீசனில் 5,900 அட்-பேட் ஆடுவார்கள், அதில் 19 என்றால் அணியின் ஆவரேஜ் .003 ஏறும். இரண்டு மூன்று இடம் முன்னேறலாம், பிரமாதம் என்று தோன்றும். ஆனால் கணக்கில் ஒரு ஓட்டை. உங்கள் ஆள் இனிமேலும் .211 அடிப்பார் என்று வைத்துக்கொண்டுதான் அந்த 19 வந்தது. போன இரண்டு மாதத்து ஆவரேஜ் உங்கள் கணக்கில் ஏற்கெனவே பற்று வைத்தாயிற்று, யாரைக் கொண்டுவந்தாலும் அது திரும்பாது. இனிமேல் அவர் .250 அடித்தால் 33 வயதுக்காரரால் உங்களுக்கு வரும் லாபம் நாலைந்து ஹிட். அணி ஆவரேஜில் .001 கூடத் தேறாது. அதற்காக நாலாவது ரவுண்டு ஆளை எடுத்து வேய்வரில் போடுவதா?

33 வயதுக்காரர் அதோடு முடிந்தார். கெட்ட ஆட்டக்காரர் இல்லை, 15 அணி லீகில் தங்கம். 12 அணி லீகில், அதுவும் ஒரே ஒரு இரண்டாவது பேஸ் இடம் இருக்கும் லீகில், இவரைப் போன்றவர் ஒவ்வொரு வாரமும் வேய்வரில் கிடப்பார். முப்பது பிக் லீக் அணிகளுக்கும் முப்பது இரண்டாவது பேஸ்காரர்கள் இருக்கிறார்கள், உங்கள் லீக் அதில் பதினைந்து பேரை எடுத்தால் அதிகம். பதினாறாவது ஆள்தான் உங்கள் அளவுகோல். எப்போது வேண்டுமானாலும் சும்மா கிடைக்கிறவருக்கு இன்றைக்கே அவசரப்பட வேண்டாம்.

இளைஞரைப் பற்றி என் கருத்து உங்களுக்குப் பிடிக்காது. 51-க்கு 19, ஆவரேஜ் .373. அதில் நாலு பந்து கையில் போய் விழுந்திருந்தால் 15, அப்போது .294. இரண்டு வார ஆட்டத்தின் எடை அவ்வளவுதான். 2021-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸின் யெர்மின் மெர்சிடஸ் சீசனின் முதல் எட்டு அட்-பேட்டிலும் எட்டு ஹிட் அடித்தார். ஏப்ரல் முழுக்க .415. லீக் லீகாக வேய்வர் பணத்தைக் கொட்டினார்கள். ஜூலைத் தொடக்கத்தில் அவர் மைனர் லீகில் இருந்தார். உங்கள் இளைஞருக்கு இடம் கிடைத்ததே அந்த அணியின் வழக்கமான ஆள் பத்து நாள் காயப் பட்டியலில் இருப்பதால்தானா என்று பாருங்கள். அப்படியானால் அவர் திரும்பும் நாளில் கதை முடிந்துவிடலாம். ஒரு வேளை நிஜமாகவே நல்ல ஆளாக இருந்தாலும், அவர் கொண்டுவருவது ஹோம் ரன். உங்களிடம் அந்தக் கடை மூடியிருக்கிறது என்று இப்போதுதான் பார்த்தோம். அவரை உங்கள் லீகில் வேறு யாராவது முப்பது டாலர் போட்டு எடுக்கட்டும், உங்கள் போட்டியாளரின் பர்ஸ் காலியாவதும் ஒரு லாபம்தான்.

ஆக, ஓட்டக்காரர். ஆனால் உங்கள் ஆளுக்குப் பதிலாக அல்ல, அவரோடு சேர்த்து.

உங்கள் லீகில் தினமும் ஆளை மாற்றலாம் என்கிறீர்கள். ஓட்டக்காரர் இடக்கை, வலக்கை பிட்சர் வரும் நாளில் ஆடுவார். பிக் லீகில் நாலில் மூன்று நாள் ஏறத்தாழ வலக்கைதான். உங்கள் ஆள் வலக்கை, இடக்கை பிட்சரைப் பார்த்தால் இவரைப் போன்றவர்களுக்கு அடி கொஞ்சம் கூடும். எனவே காலையில் காபியோடு அன்றைய பிட்சர் பட்டியலைப் பாருங்கள். எதிரில் வலக்கை என்றால் ஓட்டக்காரர், ஓட்டக்காரர் உட்காரும் நாளில் உங்கள் ஆள். இருவரில் ஒருவருக்கு ஆட்டமே இல்லாத திங்கள், வியாழனில் மற்றவர் நிரப்புவார். யாஹூ ரோட்டோவில் ஒவ்வொரு இடத்துக்கும் வழக்கமாக 162 ஆட்டம் வரம்பு, இப்படி மாற்றிப் போட்டால்தான் அந்த 162-ஐயும் வீணாக்காமல் தீர்க்க முடியும். ஓட்டக்காரரிடமிருந்து இனி இருபதுக்குக் கொஞ்சம் மேல், உங்கள் ஆளிடமிருந்து இடையிடையே இரண்டு மூன்று. இப்போதைய நிலையே தொடர்ந்தால் அந்த இடத்தில் வரக்கூடியது ஏழெட்டு. நான் சொன்ன டஜனுக்கு மேல் இங்கேயே வந்துவிடுகிறது. இருவரும் ஒரே நாளில் நன்றாக ஆடினால் ஒருவரை யூடிலிட்டி (எந்த பேட்ஸ்மேனையும் போடக்கூடிய) இடத்தில் போடுங்கள், உங்கள் யூடிலிட்டி ஆளும் ஒன்றும் கொடிகட்டிப் பறக்கவில்லை.

இப்படி ஓர் ஓட்டக்காரர் ஜூனில் சும்மா கிடப்பதே புதுக் காலத்துச் சங்கதி. 2023-ல் பேஸின் அகலத்தை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள். ஒரு பேட்ஸ்மேன் நிற்கும்போது பிட்சர் இரண்டு முறைதான் வீசும் பலகையிலிருந்து காலை எடுத்து ரன்னரைப் பயமுறுத்தலாம் என்றும் விதி வந்தது. 2022-ல் பிக் லீக் முழுக்க 2,486 ஆக இருந்த ஸ்டீல் அடுத்த வருடமே 3,503 ஆயிற்று. முன்பெல்லாம் 14 ஸ்டீல் வைத்திருப்பவரை எடுக்க ட்ரேட்தான் செய்ய வேண்டும்.

யாரை விடுவது என்று கேட்பீர்கள். உங்கள் ஏழாவது ஸ்டார்ட்டிங் பிட்சரை. ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுக்கும் ரன்) 4.90 வைத்துக்கொண்டு அவர் பெஞ்சில் எதற்கு இருக்கிறார் என்றே புரியவில்லை. யாஹூ ரோட்டோவில் பிட்சிங்குக்கு வழக்கமாக 1,400 இன்னிங்ஸ் வரம்பு. அவர் வீசும் ஒவ்வொரு இன்னிங்ஸும் உங்கள் நல்ல பிட்சர்களின் இடத்தைத் தின்கிறது.

இன்னொன்று. உங்கள் பட்டியலில் மூன்றாவது பேஸில் நிற்பவருக்கு இரண்டாவது பேஸ் தகுதியும் இருக்கிறது, பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் காட்டும், கவனிக்கவில்லை போலும். அப்படியானால் நீங்கள் தேட வேண்டியது இரண்டாவது பேஸ்காரரை மட்டும் இல்லை. ஒரு நல்ல மூன்றாவது பேஸ்காரர் கிடைத்தாலும் அவரை அங்கே நிறுத்தி, இவரை இரண்டாவது பேஸுக்கு நகர்த்திக்கொள்ளலாம். யாஹூவில் ஒரு புது இடத்தில் ஐந்து ஆட்டம் தொடக்கத்திலிருந்து ஆடினாலோ, மொத்தம் பத்து ஆட்டத்தில் தலைகாட்டினாலோ அந்த இடத்துக்கான தகுதி வந்துவிடும். 2024 ஜூலை இறுதியில் ஜாஸ் சிஷம் மயாமியிலிருந்து யாங்கீஸுக்குப் போனபோது, அதுவரை பிக் லீகில் ஆடியே இராத மூன்றாவது பேஸில் நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் தகுதி சேர்ந்தது, வைத்திருந்தவர்களுக்கு ஓர் ஆளில் இரண்டு ஆள். அடுத்த வருடம் அவர் 31 ஹோம் ரன், 31 ஸ்டீல். எந்த அணியில் இரண்டாவது பேஸ்காரர் காயப்பட்டு, அவர் இடத்துக்கு யார் நகர்கிறார் என்று பார்க்கும் பழக்கம் வேய்வரில் நூறு டாலர் வைத்திருப்பதைவிட உதவும்.

ஏலத் தொகையைத் தனி மடலில் அனுப்பிவிட்டேன், காரணம் உங்களுக்குத் தெரியும். பொதுவாக ஒரு வார்த்தை. ஜனங்கள் 5, 10, 15 என்று முழு எண்ணாகத்தான் போடுவார்கள், அதனால் ஒரு டாலர் கூட்டிப் போடுபவருக்கு ஆள் கிடைப்பார். கையிருப்பில் பாதியையாவது ஜூலை கடைசிவரை காப்பாற்றி வையுங்கள். பிக் லீக் அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் ட்ரேட் கெடு முடிந்த வாரத்தில் நாலைந்து அணிகளில் குளோசர் (கடைசி இன்னிங்ஸை முடித்துத் தரும் ரிலீவர்) மாறிவிடுவார். யார் புதுக் குளோசர் என்று தெரிந்தும் பையில் காசில்லாமல் நிற்பதைப் போன்ற எரிச்சல் இந்த ஆட்டத்தில் வேறில்லை.

அப்புறம் அந்த மெசேஜ். முதலிடத்தில் இருப்பவர் உங்கள் ஆளைக் கேட்கிறார் என்றாலே அவரும் அந்த .244-ஐப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். இந்த விலைக்கு வேண்டாம். உங்களுக்கு சேவ் (ரிலீவர் வெற்றியைக் காத்து முடிப்பது) பிரிவில் நாலாம் இடம் பத்திரமாக இருக்கிறது, ரிலீவர் வந்தாலும் அந்தப் பிரிவு நகராது. ட்ரேட் செய்தே தீருவேன் என்றால் ஸ்டீலில் முதலிடத்தில் இருக்கும் அணியிடம் பேசுங்கள். அவரிடம் 92, இரண்டாம் இடத்தில் 70. இருபது ஸ்டீல் அவரிடம் உபரியாகக் கிடக்கிறது, ஹோம் ரன்னில் அவர் ஒன்பதாம் இடம். உங்களிடம் உபரி ஹோம் ரன். உங்கள் மூன்றாவது அவுட்ஃபீல்டரைக் கொடுத்து அவருடைய வேகமான ஷார்ட்ஸ்டாப்பைக் கேளுங்கள். முதலில் அவருக்கு என்ன பிரச்னை என்று பேசுங்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள்.

உங்கள் ஆளை எப்போது விடலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஜூலை நடுவில் ஆல்-ஸ்டார் இடைவேளை வரும். அதற்குள் அவர் வரிசையில் எட்டு, ஒன்பதுக்கு இறங்கினால், அல்லது ஸ்ட்ரைக்அவுட் 25 சதவீதத்தை நோக்கி ஏறினால் விட்டுவிடுங்கள், என்னைக் கேட்க வேண்டாம். காயப் பட்டியலில் போட்டால் விடாதீர்கள். அவரை காயப்பட்டவர்களுக்கான இடத்தில் நிறுத்திவிட்டு, சும்மா கிடக்கும் அந்த 33 வயதுக்காரரை அப்போது ஒரு டாலருக்கு எடுத்துக்கொள்ளலாம்.